எண்ணெயும் நம் ஊரும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் பந்தலும் மின்விளக்கு அலங்காரமும் நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் அங்கே காண்பது வேறு. ஐம்பதாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு. கைவிட்டுப்போன காணி உரியவனுக்குத் திரும்பும். கடனுக்கு அடிமைப்பட்டவன் தன் வீடு வந்து சேருவான். ஆகவே யூபிலி ஆண்டு, நம்மைக் கட்டிவைத்திருப்பது எது என்று கணக்குப் பார்க்க வேண்டிய ஆண்டாகும். அப்படி நம்மைக் கட்டிவைத்திருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அதுதான் எண்ணெய், டீசல், பெட்ரோல், சமையல் சிலிண்டர் எல்லாம் அதில் அடக்கம். (பொட்டிப்புரம் என்றால் வெளியூரார் நியூட்ரினோவைத்தான் கேட்கிறார்கள். அதைப் பேச வேறு மேடைகள் உண்டு.)

விடிவதற்கு முன்பே நம் பகுதித் தாய்மார்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். போடிமெட்டு வழியென்றால் பதினேழு கொண்டையூசி வளைவுகள். முன்காலத்தில் தேவாரத்தார் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் நடந்தே மேலே ஏறியவர்கள். இன்று கால்நடைக்குப் பதில் டீசல். அதன் விலை ஏறினால் யார் தலையில் விழுகிறது? தோட்டக்காரர் கூலியைப் பேசும்போதே வண்டிச் செலவையும் மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார். நம் பன்னீர்த் திராட்சையின் கதையும் இதுவே. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் இக்கொடிக்கு, 2023-இல் கம்பம் திராட்சை என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் லாரி வாடகை ஏறினால் வியாபாரி அதைக் கொடிக்காலில் நிற்கும் விவசாயியிடம்தான் கழிக்கிறார். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாட்டிலிருந்து வருகிறது. எங்கோ கடலுக்கு அப்பால் சண்டை மூண்டால் நம் அம்மாமார்களின் சம்பளத்தில் குறைகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

ரயிலையே பாருங்கள். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் வண்டி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இப்பள்ளத்தாக்கு முழுவதும் சாலையையும் டீசலையும் நம்பியே கிடந்தது.

இதற்கு நம்மைப் போன்ற சிற்றூரார் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். செய்து காட்டிய ஊர் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு அருகில் ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராயிருந்த ஆர். சண்முகம், தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஊராட்சி கட்டிய மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதைக் கண்டார். அவர் முதலில் செய்தது கணக்குப் பார்த்ததுதான். பின்பு சூரிய ஒளித் தெருவிளக்குகள். மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் இயந்திரம். 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. அதன் விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற பணத்தில் கடன் அடைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அக்காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதே. காற்று நன்றாக வீசும் இடம் தேடி உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நாட்டினார்கள். நமக்கு அந்த அலைச்சலும் இல்லை. தமிழகத்தில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. ஆனி, ஆடியில் ஓடு பறக்கும் காற்று நமக்குப் புதிதா? ஆயினும் தேனி மாவட்டத்தில் சுழலும் காற்றாலைகளில் எத்தனை ஓர் ஊராட்சிக்கோ ஒரு கூட்டுறவுக்கோ சொந்தமானவை? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலிலும், இத்தகைய கூட்டுறவுகள் சில இடங்களில் மின்சாரம் விளைவித்து மிச்சத்தை விற்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

காற்றாலை டீசல் தராது என்று இளைஞர்கள் சொல்வீர்கள், உண்மைதான். அடுப்புக்கும் வண்டிக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும். நம் மலைமாட்டுப் பட்டிகளின் சாணம் ஏலத்தோட்டங்களுக்கு எருவாகப் போகிறது. அதைச் சாண எரிவாயுக் கலனில் இட்டால் முதலில் வாயு, பிறகு எரு, எரு குறைவதில்லை. நாளுக்கு 50 கிலோ சாணம் இருந்தால், அதாவது நான்கைந்து மாடு கட்டியிருந்தால், இரண்டு கனமீட்டர் கலன் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கும்.

ஊர்ப் பொதுவாகச் செய்வதில் சண்டை வரும் என்பீர்கள். கர்நாடகத்தில் குணிகல் அருகே புரா என்னும் சிற்றூரில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரின் முயற்சி முதலில் நின்றுதான் போயிற்று. எல்லார் அடுப்புக்கும் வாயு போதவில்லை. பிறகு ஊராரையே கேட்டார்கள். குடிநீரும் விளக்கும் வேண்டும் என்றனர். 1987 முதல் அந்த வாயுவோடு சிறிது டீசலும் சேர்த்து எஞ்சினை ஓட்டித் தண்ணீரும் வெளிச்சமும் தந்தார்கள். சாணத்தை நிறுத்து வாங்கி, கொண்டுவந்தவர் கையில் காசு கொடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள் கையில். கழிவெருவும் அவரவர் பங்குக்குத் திரும்பியது. நிறுத்தல் நேர்மையாக இருந்தது, சண்டை எழவில்லை. என் எண்ணத்தில், இயந்திரத்தைவிட அந்தத் தராசுதான் பெரிய காரியம்.

இனி நம் பங்கின் காரியத்துக்கு வருகிறேன். யூபிலி நிதியில் ஆலய முகப்புக்குக் கிரானைட் பதிக்க வேண்டும் என்று பலர் விரும்புகிறீர்கள். கோயில் அழகாயிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. இருப்பினும் அப்பணத்தில் பாதியைக் கொண்டு கோயில் மாடியில் சூரியத் தகடுகள் அமைத்து, திருவிழாவுக்கு வாடகை ஜெனரேட்டர் ஓட்டுவதைக் குறைக்கலாம். மறுபாதியில் பட்டிக்காரர்கள் இசைந்தால் ஒரு சாண எரிவாயுக் கலன் கட்டலாம் என்பது என் வேண்டுகோள். வீட்டு மாடியில் அமைக்க விரும்புவோருக்கு 2024-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் எழுத இளைஞர் இயக்கத்தார் உதவுவார்கள். ஜீப்புகளைப் பற்றி, ஒரே தோட்டப் பக்கம் போகும் வண்டிகள் பாதி காலியாக ஓடாமல் ஆள் சேர்த்துப் போக முடியுமா என்று ஓட்டுநர்களோடும் தாய்மார்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். இதை நான் மேடையிலிருந்து தீர்மானிக்க இயலாது.

முதல் வேலை கணக்கு. ஒவ்வோர் அன்பியத் தலைவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் தந்திருக்கிறேன். அடுத்த ஒரு மாதம் வீடு வீடாக டீசல், பெட்ரோல், சிலிண்டர், ஜீப் கூலி ஆகியவற்றுக்குச் செலவானதை எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். மாத முடிவில் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை கூடும்போது கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கிரானைட்டுக்கு வாக்கெடுப்போம்.