தங்கச் சுரங்கத்துக் குழாயும் ஊட்டி இடியும்



இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, லவ்டேல் ஸ்டேஷனில் மலை ரயில் நிற்கும் நேரத்துக்குள் பேசி முடிக்கப் பார்க்கிறேன். மைக்கைப் பிடித்த வாத்தியாருக்கு அது கஷ்டம்தான்.

பக்கத்தில் ஊட்டியில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், கான்கிரீட்டுக்கு அடியில் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கப்பட்டிருக்கின்றன. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்த சோதனையிலிருந்து வந்தவை. பாதாளத்தில் இருந்தவை மலையேறி, வானத்திலிருந்து விழும் மியூவான் துகள்களை எண்ணுகின்றன.

2014 டிசம்பர் 1. ஊட்டிக்கு மேல் பெரிய இடிமேகம். 18 நிமிடம் மியூவான் வரத்து சுமார் 2 சதவீதம் குறைந்தது. துகள் இயற்பியல் மட்டும் தெரிந்தவர் அதைத் தொந்தரவு என்று ஒதுக்கியிருக்கலாம். ஊட்டி ஆய்வாளர்கள் ஒதுக்கவில்லை. மேகத்தின் மின்புலத்தை அளக்கும் கருவிகளையும் நான்கு இடங்களில் வைத்திருந்தார்கள். மேகம் போன வழியை அவை காட்டின. மியூவான்களில் நேர்மின்னூட்டம் கொண்டவை சற்று அதிகம். மேகத்தின் மின்னழுத்தம் அவற்றின் ஆற்றலைத் தின்றுவிட்டால் அவை குழாய்வரை வந்து சேரா. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் வரத்து இவ்வளவு குறையும்? கணினியில் போட்டுப் பார்த்தால் 130 கோடி வோல்ட்! 2019இல் வெளியிட்டார்கள். பலூனும் விமானமும் மேகத்தின் ஒரு மூலையைத்தான் தொடும். மியூவானோ முழு மேகத்தையும் துளைத்து வருகிறது.

அந்தப் பெரிய எண்ணைவிட, துகள் ஆய்வாளர்கள் இடியையும் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிது. நம் கல்லூரிகளில் இயற்பியல் துறைக்கும் புவியியல் துறைக்கும் நடுவே ஒரு வராந்தாதான். அதைக் கடக்க மூன்று வருடம் போதாமல் போகிறது.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிந்த மண், நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் சரிவையும் துறை துறையாகத்தான் பார்க்கிறோம்: பாறையை ஒருவர் பார்க்கிறார், வடிகாலை ஒருவர், கேரட் பாத்தியை ஒருவர். எந்தச் சரிவில் மழைக்கு முன்பே ஊற்று கசியும் என்பது அங்கே களை எடுக்கும் அம்மாவுக்குத் தெரியும். அவரை எந்தத் துறையும் கேட்பதில்லை.

பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய கையோடு, வேறு துறை நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம் போங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போங்கள்.