சிறுவாடும் கைபேசியும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் குடும்பத்தாரும் கூடியிருந்த சபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசுமாறு பணித்த நிர்வாகிகள் "பணமும் சுதந்திரமும்" என்னும் பொருளைக் குறித்துக் கொடுத்தார்கள். இவ்விரு சொற்களும் மிகப் பெரியவை. தேசத்தின் பொக்கிஷத்தைப் பற்றியும் ஜனங்களின் உரிமையைப் பற்றியும் பேச வல்லார் பலருளர். யான் ஒரு சிறு வியாபாரி. எனக்குத் தெரிந்த பணம் கல்லாப்பெட்டியிலும் அஞ்சறைப்பெட்டியிலும் இருப்பது. எனக்குத் தெரிந்த சுதந்திரம் ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒருவர்க்கு இருப்பதும் இல்லாதிருப்பதுமே. ஆதலின் என் வீட்டில் நடந்ததொன்றைக் கூறி, அதனின்று யான் கற்றதைத் தங்கள் முன் வைக்கத் துணிகின்றேன். அது என் பெருமையைக் கூறும் கதையன்று. என் அன்னையாரிடம் உத்தரவு பெற்றே சொல்லுகின்றேன். அவர்கள் இதோ மகளிர் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

சிறுவாடு என்னும் சொல்லை இங்குள்ள இளைஞர் சிலர் கேட்டிராமலிருக்கலாம். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த தொகையில் மிச்சம் பிடித்ததும், பால் மோர் விற்றதும், பொங்கலுக்குப் பிறந்த வீட்டார் கையில் வைத்துச் சென்றதுமாகப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து மறைவாக வைக்கும் பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நம் கடைகளில் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று காசுக்குக் காசு எழுதிவைத்த நம் முன்னோர் இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை, கேட்கவுமில்லை. அரிசிப் பானைக்குள் என்ன இருக்கிறது என்று ஆண்கள் பார்ப்பது மரியாதையன்று என்று அக்காலத்தில் எண்ணினார்கள். பெண்களுக்குச் சட்டம் கொடாத உரிமையை அரிசிப் பானை கொடுத்துவந்தது என்றால் மிகையாகாது.

2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அரசாங்கத்தார் அறிவித்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 30-ந் தேதிக்குள் பழைய நோட்டுகளைப் பாங்கியில் செலுத்திவிட வேண்டும். இதனால் நாட்டில் எத்தனையோ விளைவுகள் உண்டாயின. அவற்றுள் ஒன்று, லட்சக்கணக்கான வீடுகளில் சிறுவாடு வெளிவந்ததாகும். பல்லாண்டு காத்த ரகசியத்தைத் தாய்மார்கள் கணவனிடமும் மகனிடமும் தாங்களே வெளியிட நேர்ந்தது.

என் வீட்டிலும் அவ்வாறே ஆயிற்று. அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் என் அன்னையார் அடுக்களையினின்றும் மூன்று மஞ்சள் துணி முடிச்சுகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 47,500 ரூபாய். குற்றம் செய்தவரைப் போல் தலை குனிந்து நின்றார்கள். நானும் என் தம்பியும் நகைத்தோம். "நம் வீட்டில் அம்மா ஒரு பாங்கியே நடத்தியிருக்கிறார்கள்" என்று வேடிக்கை பேசினோம். அந்த நகைப்பில் துவேஷம் சிறிதுமில்லை. எனினும் அதைக் கேட்டு நின்ற முகத்தை நான் அன்று நன்றாகப் பார்க்கவில்லை.

மறுநாள் வரிசையில் நின்று அன்னையார் பெயரிலேயே ஒரு கணக்கு ஆரம்பித்துத் தொகை முழுவதையும் செலுத்தினேன். என்னைப் போன்ற நல்ல மகன் உண்டோ என்று எனக்கே ஒரு எண்ணம். விண்ணப்பத்தில் தொலைபேசி எண் கேட்டிருந்தது. அவர்களிடம் கைபேசி இல்லாமையால் என் எண்ணை எழுதினேன். சபையோர்களே, நான் செய்த பிழை அந்தப் பத்து இலக்கங்களேயாகும்.

அதன்பின் அவர்கள் கணக்கில் ஒரு ரூபாய் அசைந்தாலும் என் சட்டைப் பையில் மணி அடித்தது. 2018-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் 2,000 ரூபாய் எடுத்ததாகச் செய்தி வந்தது. அன்றிரவு உணவருந்துகையில், "எதற்கம்மா இரண்டாயிரம்?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, கடையில் கணக்கப்பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டேன். "ஒன்றுமில்லை தம்பி, ஒரு செலவு" என்றார்கள். அன்று முதல் அக்கணக்கினின்றும் அவர்கள் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செலவே இல்லை, சிக்கனமானவர்கள் என்று நான் பலரிடம் புகழ்ந்தும் பேசினேன்.

2021-ம் ஆண்டில் வீட்டுப் பத்திரம் ஒன்றைத் தேடிப் பழைய பெட்டியைத் திறந்தபோது ஓர் அடகுச் சீட்டு அகப்பட்டது. அன்னையாரின் இரண்டு வளையல்கள் 2019-ல் அடகு வைக்கப்பட்டிருந்தன. கை வீங்குகிறதென்று கழற்றி வைத்ததாக அவர்கள் கூறியதை நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. என் தமக்கையின் மகள் செவிலியர் படிப்பில் சேர விரும்பினாள். அவள் தகப்பனாருக்கு அதில் மனமில்லை. நானும் அவர் பக்கம் நின்று, "பெண்ணை வெளியூருக்கு அனுப்ப வேண்டாம்" என்று பேசியிருந்தேன். பேத்திக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கப் பாட்டியார் நினைத்தார்கள். பாங்கியில் சொந்தப் பணம் இருந்தது. "எடுத்தால் உன் மாமனுக்கு உடனே தெரிந்துவிடும், எதற்கென்று கேட்பான்" என்று சொல்லி வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பணம் அற்ப வட்டிக்குப் பாங்கியில் கிடக்க, அதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு வட்டியை அடகுக் கடைக்குக் கட்டிவந்தார்கள். வியாபாரி வீட்டில் இப்படி ஒரு கணக்கு!

அப்பெண் படித்து முடித்து இன்று உத்தியோகத்தில் இருக்கிறாள். அது அவளுடைய முயற்சி. ஆனால் என் அன்னையாருக்கு ஒரு ஜோடி வளையல் மிஞ்சியிராவிட்டால் அவள் கதி என்ன? அரிசிப் பானையில் இருந்தவரை அந்தப் பணம் அவர்களுடையதாக இருந்தது. பாங்கியில் அவர்கள் பெயரிலேயே போட்ட பின்பு, அது என்னுடையதாகிவிட்டது. நான் திருடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே. ஒருவர் தம் பணத்தைத் தொடும்போதெல்லாம் மற்றொருவர் பார்த்துக்கொண்டிருப்பாராயின், அப்பணம் பாதி அவருடையதன்று என்பதை நான் ஐந்தாண்டு கழித்தே உணர்ந்தேன்.

இதனால் நான் யந்திரத்தைப் பழிக்க வந்தவனல்லேன். யூ.பி.ஐ. என்னும் பணமாற்று முறை 2016-ல் தொடங்கிற்று. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் அதன் வழியே நடந்த கொடுக்கல் வாங்கல்கள் இரண்டாயிரம் கோடியைக் கடந்தன. பூக்காரி சில்லறைக்கு அலையவில்லை. வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு மணியார்டர் எழுதிக் காத்திருப்பதுமில்லை. இவை பெரிய நன்மைகள். ஆனால் அதன் அமைப்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பாங்கியில் பதிந்த கைபேசி எண், அந்த எண்ணுடைய கருவி, நாலு அல்லது ஆறு இலக்க ரகசிய எண் ஆகிய மூன்றும் எவர் கையில் உள்ளனவோ, பணப்பை அவர் கையில் உள்ளது. பாஸ் புத்தகத்தின் மேல் எழுதிய பெயர் எதுவாயினும் ஆகுக.

2023 செப்டம்பர் 15-ந் தேதி முதல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையாக அவரவர் கணக்கிலேயே செலுத்தத் தொடங்கினர். பெண்ணின் பெயரில் வருவது நன்றே. ஆனால் ஏ.டி.எம். அட்டை மகன் பையிலும் ரகசிய எண் மருமகன் நினைவிலும் இருந்தால் அந்த உரிமை யாருடையது? நம்மவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

சட்டம் நமக்கு முன்னே சென்றுவிட்டது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் தன் சொத்துக்குத் தானே முழு உரிமையுடையவள் என்றது. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் தேசம் முழுவதிலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு உண்டாயிற்று. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புரைத்தனர். அரசாங்கம் நம் கைபேசிக்குள் எட்டிப் பார்த்தலாகாது என்று நாம் உரக்கப் பேசுகிறோம். அதே வாயால் மனைவியின் கைபேசியை வாங்கிப் பார்ப்பது நியாயமாகுமா?

இங்கே பெரியோர் இரண்டு ஆட்சேபங்கள் கூறுவர். அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை.

முதலாவது, "குடும்பம் ஒன்று, பணம் ஏன் இரண்டு?" என்பது. ஒற்றுமைக்கு அஞ்சிக் கேட்கும் கேள்வி இது. ஆயினும் நம் கடைகளையே நோக்குக. முதலாளி பற்று ஒரு பக்கம், கடைச் செலவு ஒரு பக்கம், கோயிலுக்கு எடுத்துவைத்தது ஒரு பக்கம். தனித்தனியே எழுதியதால் கடை பிரிந்துபோயிற்றா? கலந்து எழுதிய கடைகளே பிரிந்தன. பொதுச் செலவுக்குப் பொதுப்பணம் இருக்கட்டும். அதைக் குறித்து எல்லோரும் கூடிப் பேசட்டும். அதற்கு மேல் ஒருவர்க்கென்று உள்ளதைக் கேள்வியின்றி விடுவதே அன்புக்கு அழகு.

இரண்டாவது, "பெண்களும் முதியோரும் ஏமாந்துபோவார்கள்; ஆதலால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பது. ஏமாற்று மிகுந்துள்ளமை உண்மையே. போலீசார் வேடத்தில் வீடியோவில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். அப்படியொரு கைது இந்நாட்டுச் சட்டத்தில் கிடையாது. ஆனால் அதில் சிக்கியவருள் படித்த ஆண்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருக்கின்றனர். அன்றியும் அந்த மோசக்காரர் முதலில் சொல்லுவது என்ன? "வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதே" என்பதே. வீட்டாரின் விசாரணைக்கு அஞ்சி வாழ்பவரே அச்சொல்லுக்கு எளிதில் கட்டுப்படுவர். "பணம் போனால் போகட்டும், என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பழகிய தாய், மிரட்டல் வந்தவுடன் மகனைக் கூப்பிடுவாள். ஆகவே காவல் என்பது வேவு பார்ப்பதில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது.

இனி, சங்கத்தாருக்கும் குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள்கள் சில உள. வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் கணக்கிலும் அவரவர் கைபேசி எண்ணே பதியப்பட்டிருக்க வேண்டும். வேறு எண் இருப்பின் பாஸ் புத்தகத்தோடும் அடையாளச் சான்றோடும் கிளைக்குச் சென்று மாற்றிக்கொள்க. ரகசிய எண்ணை அவர்களே அமைக்கட்டும். கற்றுக்கொடுப்பவர் அவ்வமயம் முகத்தைத் திருப்பிக்கொள்க. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை என்பதையும், ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லலாகாது என்பதையும், மோசம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சிறுவர் முதல் முதியோர் வரை அறியச் செய்க. 2025 நவம்பர் 1-ந் தேதி முதல் ஒரு பாங்கிக் கணக்குக்கு நால்வர் வரை நியமனம் செய்யலாம். அதைச் செய்து வைத்துக்கொள்க. நம் சங்கக் கட்டிடத்தில் மாதம் ஒரு ஞாயிறன்று, கற்ற பெண்மக்களே தாய்மார்க்கு இவற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

என் வீட்டுச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அடகு மீட்டு வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்னையார், "நீ கெட்டவனில்லை தம்பி. நீ கேட்காமலிருந்தால் நானே உன்னிடம் சொல்லியிருப்பேன்" என்றார்கள். அவர்களுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தோம். பேத்தி கற்றுக்கொடுத்தாள். கணக்கில் எண்ணை மாற்றிவிட்டு வந்த நாள் முதல் என் சட்டைப் பையில் அந்த மணி அடிப்பதில்லை. அக்கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சென்ற தீபாவளிக்கு எனக்கு ஒரு வேட்டி வந்தது, விலை கேட்கவில்லை.