தனித்தட்டு



மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் மாத்தளை பஸ் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் "எங்க பயணம்?" என்று கேட்காமல் விடமாட்டார். பாசம்தான். ஆனால் மாத்தளை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்க் கிளினிக்கில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வியே முதல் தடை.

இலங்கையர் ஒருவரிடம் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1987இல். 2004 முதல் அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காக எடுத்துவந்தால் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை துணைக்கு உடலுறவாலும் தொற்றாது.

மாத்திரையோடு சாப்பாடும் வேண்டுமே. அறிகுறி எதுவும் இல்லாத பெரியவருக்கே சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை, நோய் வாட்டும்போது 20 முதல் 30 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு டின்னில் வரும் விலை கூடிய மாவெல்லாம் வேண்டாம். குரக்கன் ரொட்டி, கௌபி, பயறு, முருங்கை இலை வறை, முட்டை, குளத்து மீன் போதும். காட்டு யானை விட்டுவைத்தால் பாதி வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கும்!

சாப்பாடு இருந்தாலும் தனித்தட்டில் போட்டுத் தள்ளிவைத்தால் தொண்டையில் இறங்குமா? ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது. இதை டொக்டர் சொன்னால் தலையாட்டுவோம். அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டே பத்து வருடம் வயலில் நின்றவர் சொன்னால் நம்புவோம். நம் நாட்டில் பிரின்சி மங்கலிகா தன் தொற்றை வெளியே சொல்லி, தன்னைப் போன்ற பெண்களை ஒன்றுசேர்த்தார். சென்னையில் கௌசல்யா பெரியசாமி 1998இலேயே அப்படியொரு பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர்.

ஆனால் எல்லாராலும் வெளியே சொல்ல முடியாது. 2016இல் குளியாப்பிட்டியில் எச்.ஐ.வி. என்ற வெறும் வதந்தியை நம்பி ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்தன. அவனுக்குத் தொற்றே இல்லை! வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது.

அதனால்தான் சொல்கிறேன், சின்ன ஊரில் "எச்.ஐ.வி. உணவுப் பொதி" என்று தனியாகக் கொடுப்பது உதவியல்ல, காட்டிக்கொடுப்பது. விதையும் கோழிக்குஞ்சும் கொடுப்பதானால் தெரு முழுக்கக் கொடுங்கள். தாய்மார் கிளினிக்கில் திரிபோஷ சத்துமா வாங்கும் அம்மாவை யாரும் விசாரிப்பதில்லையே.

தொற்றுச் சந்தேகம் இருப்பவர்கள் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரே, அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.