டிரம்முக்குள்ளே ஒரு வழவழப்பு

பிள்ளைக்கு வயித்தால போனா தண்ணியைத்தான் குறை சொல்றோம். டிரம்மை யாரும் பார்க்கிறதில்லை. லவ்டேலில் பிடிச்சு வைக்காத வீடு ஏது?

டிரம்மின் உள்பக்கம் தடவினால் வழவழன்னு இருக்கும். கிருமிகள் கூட்டமா ஒட்டி, தங்களைச் சுத்திப் பசை கட்டிக்கொண்ட படலம் அது. பேரு பயோஃபிலிம். பல்லில் படியும் அழுக்கும் இதே சாதிதான். 1683-லேயே ஹாலந்துக்காரர் லேவன்ஹுக் தன் பல் அழுக்கைச் சுரண்டி, லென்ஸில் வைத்து, உயிர்கள் நெளிவதைப் பார்த்தார்.

குளோரின் தண்ணியில் மிதக்கிற கிருமியைக் கொல்லும். பசைக்குள்ளே போறதுக்குள் அதன் வேகம் தீர்ந்துடும். மிச்சம் இருக்கிறது திரும்பப் பெருகும். அதனால டிரம்மைக் காலி பண்ணி, முதலில் தேய்ங்க, பிறகுதான் மருந்து. இரும்பு நார் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தா கிருமி அங்கேதான் ஒட்டும். தை மாசக் குளிரில் கை விறைக்கும்தான், எனக்கும் அலுப்புத்தான். அடிப்பக்கத்தையும் குழாய் வாயையும் விட்டுடாதீங்க.