ஔஷத தானமும் கதிர்மருத்துவமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நால்வகைத் தானங்களுள் ஆகார தானத்தை நம் ஊர்களில் குறைவின்றிச் செய்து வருகிறோம். சாத்திர தானத்துக்கு நாம் பதிப்பிக்கும் நூல்கள் சான்று. ஔஷத தானம் மட்டும் ஆண்டுக்கொரு கண் மருத்துவ முகாமோடு நின்றுவிடுகிறது. ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே அறநூலுக்கு இட்ட கணிமேதாவியாரும் காரியாசானும் நம் சமயத்துச் சான்றோர்கள். அவர்கள் காலத்து மருந்து வேரிலும் விதையிலும் இருந்தது. இன்றைய மருந்துகளுள் ஒன்று, தடித்த கான்கிரீட் சுவர்களின் நடுவே, பல கோடி ரூபாய் விலையுள்ள எந்திரத்தில் இருக்கிறது.

என் தமக்கையாருக்குக் கன்னத்தில் புற்றுநோய் கண்டது. அறுவைக்குப் பின் கதிர்மருத்துவம் வேண்டும் என்றனர். வாரம் 5 நாளாக 6 வாரம், ஆக 30 நாள். ஊரில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். அச்சொல்லே பாதி அச்சத்தை விளைவிக்கிறது. உடலில் மின்சாரம் பாய்வதில்லை; கதிர் படும்பொழுது வலியும் இல்லை. முகத்துக்கு அளவாக வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, தலை அசையாதபடி மேசையோடு பொருத்துகிறார்கள். புற்றணுக்கள் இருந்த இடத்தில் கதிர் பட வேண்டும்; முதுகுத் தண்டும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இயன்றவரை ஊறுபடாமல் இருக்க வேண்டும். பிற உயிரணுக்களுக்குச் செய்யும் தீங்கைக் குறைப்பதற்கென்றே நாள் கணக்கில் கணக்கிடுகிறார்கள் என்று அறிந்தபோது, சமணன் என்ற முறையில் சற்று வியந்தேன்.

இடர் வந்தது வேறு வழியாக. அவருக்குக் கிடைத்த நேரம் இரவு 9 மணி. திருமணமான நாள் முதல் கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர் அவர். மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண். ஒரு குவளைக் கஞ்சி பருக முக்கால் மணி நேரம் ஆகும். மாலைக்குள் முறையாக உண்ண, தங்கியிருந்த விடுதியில் வசதியில்லை. இரவில் திரும்பினால் விடியும்வரை வெறும் வயிறு. "நோன்பைச் சிறிது தளர்த்தலாகாதா அக்கா?" என்று கேட்டேன். "நோய் உடம்புக்குத்தானே தம்பி" என்றார். எடை குறைந்தது, முகமூடி தளர்ந்தது. புதிய முகமூடி, புதிய கணக்கு என 5 நாள்கள் வீணாயின. இன்று அவர் நம்மிடையே இல்லை. அந்த 5 நாள்களே காரணம் என்று எந்த மருத்துவரும் கூறவில்லை. நானும் கூற மாட்டேன். ஆயினும் இடையில் விடுபடும் நாள்கள் நோய்க்கே துணைசெய்யும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிரும் உட்கதிரும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என வற்புறுத்துவதும் இதனால்தான்.

இரவு 9 மணி ஏன்? ஒருவருக்குக் கால் மணி நேரம் என்றால், 10 மணி நேரத்தில் ஓர் எந்திரம் 40 பேரைத்தான் பார்க்கும். ஒவ்வொருவரும் ஆறு வாரம் வர வேண்டியவர். ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஏறத்தாழ 350 பேர். நம் நாட்டில் ஆண்டுதோறும் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 14 இலட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கதிர்மருத்துவம் தேவை. 10 இலட்சம் மக்களுக்கு ஓர் எந்திரமாவது வேண்டும் என்பார்கள். அதில் பாதியளவே நம்மிடம் உள்ளது. கோபால்ட் எந்திரமாயின் மற்றொரு சிக்கல்: அதன் கதிராற்றல் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகும். மூலத்தை மாற்றாவிட்டால் அதே அளவு கதிருக்கு இருமடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். வரிசை மேலும் நீளும்.

தமிழகம் இத்துறையில் பிந்தியதன்று. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் கருவியை நிறுவியது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாட்ரான்' என்னும் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கியது. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் வாழும் நமக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை, புதுவை ஜிப்மர், வேலூர், சென்னை என நாற்புறமும் கதிர்மருத்துவ நிலையங்கள் உள்ளன. ஆயினும் ஆறு வாரம் நாள்தோறும் பேருந்தில் போய்வருவது எளிதன்று. நோயுற்ற உடம்புக்கு அது ஆகாது.

எந்திரமே வாங்கிக் கொடுக்கலாம் என்று இளைஞர் சிலர் என்னிடம் ஆர்வத்தோடு கூறினர். விருப்பம் பெரிது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவு, தனிக்கட்டடம், மருத்துவர், இயற்பியலாளர், தொழில்நுட்பர், ஆண்டுதோறும் பராமரிப்பு இவையின்றி அது பூட்டிய அறையில் கிடக்கும். அப்பணியை அரசும் பெருமருத்துவமனைகளும் செய்யட்டும்; கேட்டுப் பெறுவோம். நாம் செய்யக்கூடியது சென்னையில் ஒரு சிறு வீடு. அங்கே பொழுது சாயுமுன் அடுப்பு எரிந்து அடங்க வேண்டும். புண்பட்ட வாய்க்கு ஏற்ற கஞ்சியும் கூழும் கிடைக்க வேண்டும். இரவுண்ணாமை நோன்பு உண்டென்பதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் எடுத்துரைத்து, பகல் நேரம் கேட்டுப் பெற உடன் ஒருவர் செல்ல வேண்டும். இதை நான் அன்று செய்யவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியவில்லை.

வாடகைக்கான வழியைத் தச லட்சண பர்வத்துக்குள் அறங்காவலர்கள் முடிவு செய்வார்களாக. துணைக்குச் செல்வோர் பெயரெழுத ஓர் ஏடு வாயிலருகே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு நேரே என் பெயர் இருக்கிறது. மற்ற நான்கு நாள்களும் வெறுமையாக உள்ளன.