கிப்லாவும் கோணக் கணக்கும்

பாலக்காட்டுச் சீமையில் மண்ணார்க்காடு என்றோர் ஊர் உண்டு. கோவையிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாகவும் அங்குச் செல்லலாம். சாலிலகத்துக் குஞ்ஞஹமது ஹாஜியார் தம் பிற்காலத்தில் அவ்வூரில் பாடம் சொல்லிவந்தார், 1919இல் காலமானார். அவர் நம் வேலூரில் பயின்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழக்காட்டு தாருல் உலூமின் தலைமையை ஏற்று, மார்க்கப் பாடத்தோடு வான நூலையும் பூகோளத்தையும் சேர்த்துக் கற்பித்தார். கரும்பலகையும் பெஞ்சியும் வந்ததையே புதுமை என்று சிலர் முகஞ்சுளித்தனராம்!

ஆயினும் பெரும் வழக்கு எழுந்தது கிப்லாவைப் பற்றியே. மலபார்ப் பள்ளிவாசல்கள் பலவும் நேர் மேற்கு நோக்கியிருந்தன. மக்காவோ அங்கிருந்து மேற்குக்குச் சுமார் 21 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. கணித்தறிந்த திசையில் நின்றே தொழவேண்டும் என்றார் ஹாஜியார். பொதுவாக அத்திசை நோக்கினாலே போதும் என்றனர் மறுதரப்பு உலமாக்கள். அவர்களும் நூலறிவில் குறைந்தவர்கள் அல்லர். எவ்வளவு நுட்பத்தை மார்க்கம் கேட்கிறது என்பதை அளவுகோல் சொல்லாது. கோணம் எத்தனை பாகை என்பதைச் சமய நூலும் சொல்லாது. இரண்டையும் கற்ற ஒருவரே அவ்வினாவை முழுமையாக விசாரிக்க இயலும்.

ஒரே கால அட்டவணையில் இரு வகைப் பாடங்களை அடுத்தடுத்து வைத்துவிடுவது ஒருங்கிணைப்பு ஆகாது என்பதே நம் கருத்து. 1948இல் தோன்றிய பரூக் கல்லூரிக்கும், 1986இல் செம்மாட்டில் எழுந்த தாருல் ஹுதாவுக்கும் இது பொருந்தும். ஒரு வினாவில் இரண்டும் சந்திக்கும்போதுதான் மாணவனுக்குப் பயன் விளங்கும்.

தில்லியில் வாழும் நம்மவர் இதனைத் தாமே சோதிக்கலாம். தில்லி மக்காவுக்கு 7 பாகை வடக்கே இருப்பதால், தட்டையான படத்தைப் பார்ப்பவர் தென்மேற்கே வெகுவாகத் திரும்புவர். பூமி உருண்டையாதலின், உண்மைத் திசை மேற்குக்கு 3 பாகையளவே தெற்கு. சென்னையிலோ 18 பாகை வடக்கு, மும்பையில் 10.

கருவி வேண்டாதவருக்கும் வழியுண்டு. மே 28ஆம் நாளையொட்டிப் பிற்பகல் 2 மணி 48 நிமிடத்திலும், ஜூலை 16ஐயொட்டி 2 மணி 57 நிமிடத்திலும் கதிரவன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கிறான். அப்போது நட்ட கோலின் நிழலுக்கு எதிர்ப்புறமே கிப்லா. ஜூலையில் மலபார் மழை இடங்கொடாது. மே மாதமே உத்தமம்.