யந்திரத்தின் சாவி யார் கையில்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கட்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பைக் கேட்டதும், "பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது, கூலிப் பிரச்னை இருக்கிறது; கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் ஒரு சிப்பைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சிலர் முணுமுணுத்ததை நாம் கவனித்தோம். நியாயமான கேள்விதான். ஆலைக்குள் புது யந்திரம் வந்து இறங்குகிறது. அதன் நுட்பத்தை முதலாளி சொல்லித்தருவதில்லை. பழைய யந்திரத்தில் இருபது வருஷம் கைபழகிய பிட்டர் ஒரே நாளில் ஒன்றும் தெரியாதவனாகிவிடுகிறான். இது உங்களுக்குத் தெரிந்த கதை. இதே கதை உலக அளவில், ஏறத்தாழ இருபது வருஷமாக, வேறொரு தொழிலில் நடந்துவருகிறது. அந்தத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள், எதில் வென்றார்கள், எங்கே முட்டி நின்றார்கள் என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். கம்ப்யூட்டரின் திரையில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு யந்திரம் உண்டு. அதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே சமயத்தில் சுழல்கின்றன அல்லவா? அதைப்போல இந்தக் கார்டுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பொறிகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. படம் வரையப் பிறந்த இந்தச் சிப்தான் இன்று பத்திரிகைகள் வாய் ஓயாமல் பேசும் செயற்கை அறிவுக்கும் கணக்குப் போடுகிறது. இதைச் செய்து விற்கும் அமெரிக்கக் கம்பெனிகளில் முதன்மையானது என்விடியா. 2025 அக்டோபரில் அதன் பங்குகளின் மொத்த மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உலகில் எந்தக் கம்பெனியும் அதற்குமுன் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

கார்டு தானாக ஓடாது. கம்ப்யூட்டருக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று, "இந்த இடத்தில் இந்த நிறத்தைப் போடு, இந்த நினைவுப் பகுதியை எடுத்துக்கொள், இவ்வளவு வேகத்தில் ஓடு" என்று கட்டளையிட ஒரு புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். லாரி டிரைவர் பேர்பாதி லாரியை ஓட்டிவிடுவார். இந்த டிரைவர் அப்படி அல்ல. ஒரு தலைமுறைக் கார்டின் பாஷை அடுத்த தலைமுறைக்குப் புரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி புதுத் தலைமுறையைச் சந்தையில் இறக்கும். டிரைவரை எழுதுகிறவர்கள் மீண்டும் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

இனி, லினக்ஸ் என்ற பெயரைத் தோழர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை நிர்வகிக்கும் ஆதாரப் புரோகிராம் அது. அதன் மூலம் முழுவதும் பகிரங்கமானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதை விநியோகித்தால் திருத்தத்தையும் பகிரங்கப்படுத்தவேண்டும் என்பது அதன் சட்டம். இதையே சோஷலிஸம் என்று கொண்டாடும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இன்று லினக்ஸில் நடக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள்தான் செய்கிறார்கள்; அதனால் பெரும் லாபம் அடைவதும் கம்பெனிகளே. ஆயினும், ஆயிரக்கணக்கான பேர் தேச எல்லை பாராமல் சேர்ந்து உழைத்து, விளைவைப் பொதுவில் வைக்கிறார்கள் என்பது அற்ப விஷயமல்ல.

கேட்டுக் கேட்டுக் கற்ற வித்தை

என்விடியா கம்பெனி லினக்ஸுக்கும் ஒரு டிரைவர் கொடுத்தது. ஆனால் மூடிய பெட்டியாகக் கொடுத்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழுது வந்தால் கம்பெனியிடம் கெஞ்சவேண்டும். இதைத் தவிர, தட்டையான படத்துக்கு மட்டும் உதவும் சின்ன டிரைவர் ஒன்றைப் பகிரங்கமாகவே கொடுத்தார்கள். அதிலும் ஒரு சாமர்த்தியம்! படித்தாலும் புரியாதபடி, வெறும் எண்களாக அதைக் குழப்பி வைத்திருந்தார்கள்.

2005-06 வாக்கில் ஸ்டெபான் மார்ஷெஸான் என்பவர் அந்தக் குழப்பத்தைச் சிக்கெடுக்க உட்கார்ந்தார். அங்கேதான் நூவோ என்ற பகிரங்க டிரைவர் பிறந்தது. நூவோ என்றால் பிரெஞ்சு மொழியில் "புதியது" என்று பொருள். பலர் வந்து சேர்ந்தார்கள். கையில் விவரப் புத்தகம் இல்லை, வரைபடம் இல்லை. என்ன செய்தார்கள்?

கம்பெனியின் மூடிய டிரைவரை ஓடவிட்டு, அது கார்டிடம் என்ன பேசுகிறது என்பதை நடுவில் நின்று ஒட்டுக்கேட்டார்கள். முதலில் ஒரு சிறு சோதனைப் புரோகிராம் செய்தார்கள். அது ஒரு முக்கோணத்தை வரையச் சொல்லும். வரைவதற்கு முன்னும் பின்னும் கார்டுக்குப் போகும் எண்களைக் குறித்துக்கொள்ளும். பிறகு நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி வரையும். எந்த எண் மாறியதோ, அதுதான் நிறத்துக்குரிய கட்டளை. இந்தப் புரோகிராமைப் பல தேசங்களில் பல பேர் தத்தம் கார்டுகளில் ஓட்டிக் குறிப்புகளை அனுப்பினார்கள். ஒருவனிடம் எல்லாக் கார்டும் இருக்காது. எல்லோரிடமும் சேர்த்துப் பார்த்தால் இருக்கும். பின்னர், கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகிற ஒவ்வொரு எழுத்தையும் வாசிப்பையும் பதிவுசெய்யும் கருவியும் உருவாயிற்று. 2008-ல் அது லினக்ஸின் சொந்தக் கருவியாகவே சேர்க்கப்பட்டது. கோடிக்கணக்கான எண்கள் கொண்ட அந்தப் பதிவுகளை வரிவரியாகப் படித்து, "இது திரையின் அகலம், இது நினைவின் பக்கக் கணக்கு" என்று பெயர் வைத்தவர்களின் பொறுமையை எண்ணிப்பாருங்கள்!

இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் புதுத் தலைமுறை வந்துவிடும். 2006 கடைசியில் வந்த சிப்பில், வடிவத்துக்கு ஒரு பொறி, நிறத்துக்கு ஒரு பொறி என்றிருந்த பழைய அமைப்பே போய், எல்லா வேலையையும் செய்யும் ஒரே மாதிரிப் பொறிகள் வந்தன. பாதி டிரைவரைத் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. 2012-ல் வந்த கெப்ளர் தலைமுறையில் வேறொரு மாற்றம். ஒரு கணக்கின் விடை வரும்வரை அடுத்த கணக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதை அதுவரை சிப்பே பார்த்துக்கொண்டது. இனி புரோகிராமே முன்கூட்டிக் கணக்கிட்டு எழுதவேண்டும் என்றாயிற்று. கணக்குத் தப்பினால் படம் சிதறும். 2017-ல் வந்த வோல்டாவில் ஒவ்வொரு கட்டளையின் நீளமே 64 பிட்டிலிருந்து 128 பிட்டாகியது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, ஒட்டுக்கேட்டு, மறுபடி கற்றார்கள்.

நூவோ டிரைவர் 2010 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸில் இடம்பெற்றது. தங்கள் கார்டுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பொறிகளுக்கும் நூவோக்காரர்கள் சொந்தமாகவே புரோகிராம் எழுதினார்கள். கெப்ளர் கார்டுகளில், பயனாளி கையால் ஒரு கட்டளை கொடுத்தால், வேகத்தைக் கூட்டக்கூட முடிந்தது. கம்பெனி ஒரு விரலையும் அசைக்காமலே!

விரலைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாங்கள் இதுவரை கண்ட கம்பெனிகளிலேயே மிக மோசமானது என்விடியா என்று சொல்லி, காமிராவைப் பார்த்து நடுவிரலை உயர்த்திக் காட்டினார். சபை மரியாதைக்கு உகந்த செயல் அல்லதான். ஆனால் அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் மறுக்க முடியாது.

முத்திரை வந்தது

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். 2014 செப்டம்பரில் என்விடியா மாக்ஸ்வெல் தலைமுறையின் இரண்டாவது வரிசையை இறக்கியது. அதில் ஒரு புதுமை. கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பொறிகள், தமக்குள் ஏற்றப்படும் புரோகிராமில் கம்பெனியின் ரகசிய முத்திரை இருக்கிறதா என்று சோதிக்கும். முத்திரை இல்லாவிட்டால் முக்கியமான காரியங்களைச் செய்ய மறுக்கும். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்பட்டது.

இதன் பொருள் என்ன? அதுவரை நடந்தது அறிவுக்கும் மறைப்புக்கும் நடந்த போட்டி. மறைத்தார்கள், கண்டுபிடித்தோம் என்று ஒருவன் சொல்லிக்கொள்ள முடிந்தது. இனி கண்டுபிடித்தும் பயனில்லை. ஒரு பொறிக்குச் சொல்லவேண்டிய கட்டளை அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தாலும், முத்திரை உங்களிடம் இல்லை. வயல் உன்னுடையது, வாய்க்காலும் நீ வெட்டியது, மதகின் சாவி மட்டும் மிராசுதார் மடியில் என்றால் பயிர் என்னாகும்? அதே நிலைதான்.

2016-ல் கம்பெனி அந்த வரிசைக்குச் சில முத்திரையிட்ட புரோகிராம்களைக் கொடுத்தது. படம் வரைய அது போதும். ஆனால் வேகத்தையும் மின்சார அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் பொறிக்கு உரியதை மட்டும் கொடுக்கவில்லை. ஆகவே பகிரங்க டிரைவரில் அந்தக் கார்டுகள், கம்ப்யூட்டர் விழித்தெழும்போது இருக்கும் ஆமை வேகத்திலேயே நின்றுவிடும். அடுத்து வந்த பாஸ்கல், வோல்டா தலைமுறைகளுக்கும் இதே கதி. காசு கொடுத்து வாங்கியவன் தன் கார்டை முழு வேகத்தில் ஓட்டவேண்டுமானால் மூடிய பெட்டியிடம்தான் போகவேண்டும்.

இந்தத் தலைமுறைகளுக்கெல்லாம் விஞ்ஞானிகளின் பெயர் வைக்கிறார்கள்: கெப்ளர், மாக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா. தாங்கள் கண்டதை உலகறிய எழுதிவைத்துப் போன மனிதர்கள்! அவர்களின் பெயரைப் பூட்டின்மேல் பொறித்தால் நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

2018-ல் வந்த தலைமுறைக்கு ட்யூரிங் என்று பெயர். யுத்தகாலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைக்க உழைத்தவர் அவர். தற்செயலோ என்னவோ, அந்தத் தலைமுறையிலிருந்துதான் கதவு சற்றுத் திறந்தது. ட்யூரிங் சிப்புக்குள் தனியாக ஒரு நிர்வாகப் பொறி வைத்தார்கள். வேகம், மின்சாரம், துவக்கம் முதலிய காரியங்களை மெல்ல மெல்லக் கம்பெனியின் டிரைவரிலிருந்து எடுத்து, அந்தப் பொறிக்குள் ஓடும் முத்திரையிட்ட புரோகிராமுக்குள் தள்ளினார்கள். ரகசியம் சிப்புக்குள் பத்திரமானபின், 2022 மே மாதம், லினக்ஸுக்குள் ஓடும் தங்கள் டிரைவர் பகுதியைப் பகிரங்கப்படுத்தினார்கள். மேல்தட்டுப் புரோகிராம்கள் மூடியே இருக்கின்றன.

"கம்பெனிக்கு மனம் மாறிவிட்டது" என்று சிலர் எழுதினார்கள். நம் அபிப்பிராயம் வேறு. பிரம்மாண்டமான கணக்கு நிலையங்கள் லினக்ஸில் ஓடுகின்றன. மூடிய பெட்டி லினக்ஸின் ஒவ்வொரு மாற்றத்திலும் இடறுகிறது. பெரிய வாடிக்கைக்காரன் முகம் சுளித்தால் கம்பெனி கேட்கத்தான் செய்யும். போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. 2007-லேயே தன் சிப்புகளின் விவரங்களைப் பகிரங்கப்படுத்துவதாக அறிவித்துவிட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

எப்படியாயினும், திறந்த இடுக்கில் தொழிலாளர் கைவைத்தார்கள். 2024 ஜனவரியில் வந்த லினக்ஸில், நூவோ டிரைவர் அந்த நிர்வாகப் பொறியுடன் பேசக் கற்றுக்கொண்டது. ஆமை வேகம் ஒழிந்தது. அதன் மேல்தட்டாக என்.வி.கே. என்ற புதிய பகிரங்கப் புரோகிராமை 2022-ல் எழுதத் தொடங்கினார்கள். 2024 பிப்ரவரியில் அது வல்கன் 1.3 என்ற சர்வதேச அளவுகோலின் பரீட்சையில் தேறியது.

பல வருஷம் நூவோவைத் தாங்கி நின்ற பென் ஸ்கெக்ஸ் 2023 செப்டம்பரில் பொறுப்பிலிருந்து விலகினார். நிர்வாகப் பொறிக்கான மாற்றங்களைக் கையில் கொடுத்துவிட்டே போனார். அடுத்த வருஷம் பார்த்தால், என்விடியாவின் ஊழியராக அதே நூவோவுக்குத் திருத்தங்கள் அனுப்புகிறார்! சிலர் முகம் சுளித்தார்கள். நாம் சுளிக்கவில்லை. உழைப்பை விற்றுத்தான் அவரும் வாழவேண்டும். அவர் எழுதியது பொதுவில்தான் இருக்கிறது.

புதுத் தலைமுறைக்கு டிரைவரைப் பொருத்தும் வேலை இதனால் லேசாகிவிட்டதா? ஒரு பங்கு லேசாயிற்று. ஒட்டுக்கேட்கும் காலம் பெரும்பாலும் போயிற்று. ஆனால் நிர்வாகப் பொறியின் புரோகிராம் பதிப்புக்குப் பதிப்பு பேச்சை மாற்றுகிறது. நூவோ 535 என்ற பதிப்போடு பழகியிருந்தது. பிளாக்வெல் என்ற புதிய தலைமுறைக்கு 570-ம் பதிப்பு வேண்டியிருந்தது. இரண்டு பேச்சையும் பேசும்படி டிரைவரின் உள்ளமைப்பையே பிரித்துக் கட்டி, 2025 ஜூலையில் வந்த லினக்ஸில் சேர்த்தார்கள். இந்தத் தொல்லையை முன்னிட்டே, ட்யூரிங்கும் அதற்குப் பிந்தியவையுமான கார்டுகளுக்கு நோவா என்ற புதிய டிரைவரை அடியிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதன் முதல் செங்கல் 2025 மே மாத லினக்ஸில் வைக்கப்பட்டது.

நடுவில் சிக்கியவர்கள்

பழைய கெப்ளரைக் கையால் வேகப்படுத்தலாம். புதிய ட்யூரிங் முழு வேகத்தில் ஓடும். இடையில் 2014 முதல் 2017 வரை விற்றவை? முத்திரை உண்டு, நிர்வாகப் பொறி இல்லை. அந்தக் கார்டுகளுக்கு 580-ம் வரிசையே தங்கள் கடைசி டிரைவர் வரிசை என்று 2025-ல் என்விடியா அறிவித்துவிட்டது. பாதுகாப்புக்கான ஒட்டுவேலை இன்னும் சில வருஷம் நடக்கும். அதற்கப்பால் அதுவும் இல்லை. கார்டு பழுதாகவில்லை. உலோகம் தேயவில்லை. வாங்கியவன் புதிது வாங்க வசதியற்றவன். மூடிய டிரைவரைக் கம்பெனி கைவிட்டால் பகிரங்க டிரைவர்தான் அவனுக்குக் கதி. அதிலோ வேகம் இல்லை, முத்திரை இல்லாததால்.

விவசாயத் தோழர்கள் இதைக் கம்ப்யூட்டர்காரர்களின் கவலை என்று தள்ளிவிடவேண்டாம். அமெரிக்காவில் டிராக்டருக்குள்ளும் இதே பூட்டு வந்துவிட்டது. தன் டிராக்டரின் புரோகிராமைத் திறந்து பழுது பார்ப்பது குற்றமல்ல என்று ஒரு விதிவிலக்கை அங்கே விவசாயிகள் 2015-ல்தான் பெற முடிந்தது. அதன் பிறகும் பழுதுபார்க்கும் கருவிகள் கம்பெனியின் கையில்தான் இருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே டீர் கம்பெனியின்மேல் இதற்காக வழக்குத் தொடுத்தது.

பாஸ்கல் கார்டுகளுக்கு வருவோம். வேகப் பொறிக்குரிய முத்திரையிட்ட அந்த ஒரு சிறு புரோகிராமை வெளியிடக் கம்பெனிக்குப் புதுத் தொழிற்சாலை வேண்டியதில்லை. அந்தக் கார்டை இனி விற்கப்போவதுமில்லை. வருஷக்கணக்காகக் கேட்டார்கள். 2025 முடிய அது வெளிவரவில்லை.

இனி தோழர்கள் கேள்வி கேட்கலாம். ஆலையில் புதிதாக இறங்கிய யந்திரங்களில் எவை எவை கம்பெனி ஆள் வந்தால்தான் திறக்கும் என்று ஒரு பட்டியல் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.